அப்பா பொய்யென்று சொன்ன ஆயிரம் ரூபாய்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கும் உறவினர்கள் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோமனூர்ப் பக்கம் பிறந்து, சின்ன வயதிலேயே கூலிக்குத் தறி ஓட்டப் போய், சொந்தத் தறிக்கூடம் வைக்கும் அளவுக்கு உயர்ந்தவர் அப்பா. குடித்ததில்லை. நூலை இரு விரலில் உருட்டியே எந்த மில் சரக்கு என்று சொல்லிவிடுவார். அந்த விரல்தான் எங்களைக் கெடுத்தது.

நடுவயதில் அவருக்கு வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் நோட்டுகளைச் சேர்க்கும் ஆசை வந்தது. அந்தக் காகிதம் பருத்தியில் செய்தது என்று யாரோ சொல்ல, பருத்தி எனக்கா தெரியாது என்று கிளம்பிவிட்டார். விரலில் பஞ்சு தட்டினால் அசல், தட்டாவிட்டால் போலி. வேறு சோதனை கிடையாது. தறிகளை விற்று விற்று ராஜா படம் போட்ட நோட்டாக வாங்கினார்.

தம்பி கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அக்காவாக நான் இணைச்சீர்ச் சடங்கை முடித்துவிட்டு வந்த நேரம், அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை ராஜா படம் போட்ட ஒரு பழைய ஆயிரம் ரூபாய் நோட்டை அவரிடம் நீட்டினார். இறந்துபோன மாமா விட்டுச்சென்றது அது ஒன்றுதான். அதை விற்று மகளை நர்சிங் படிக்கவைக்க நினைத்திருந்தார். மடித்து மடித்து நைந்துபோன நோட்டு. அப்பா சம்பந்திகள் முன்னிலையில் அதை உருட்டிப் பார்த்தார்.

“இது அசல் இல்லம்மணி. உம்பட ஊட்டுக்காரரு உசுரோட இருந்தப்பவும் நெசமா ஒண்ணும் வெச்சிருந்ததில்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சில்லை என்று அத்தை அதை வேறு யாரிடமும் காட்டவில்லை. மகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள்.

அப்பா படுத்த படுக்கையானபோது அந்த அத்தைதான் வந்து மலமூத்திரம் எடுத்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நோட்டுகளை விற்கலாம் என்று டவுனிலிருந்து ஒரு வியாபாரியை வரவழைத்தோம். அவர் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, குனிந்து பார்த்ததோடு சரி. அசல் நோட்டில் வெற்றிடத்துக்குள் ஒரு ராஜா முகம் ஒளிந்திருக்கும், வெளிச்சத்தில் தூக்கினால்தான் தெரியும், இவற்றில் கீழே கிடக்கும்போதே தெரிகிறது, எல்லாம் மேலே அச்சடித்தது என்றார்.

“தொட்டுப் பாருங்க, பஞ்சுங்க” என்றார் அப்பா.

“பஞ்சு நெசந்தானுங்க. ராஜாதான் பொய்யுங்க.”

அத்தை தன் நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். கட்டிலில் வைத்தபோது வெற்றிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு நேரே தூக்கியதும் முகம் தெளிவாகத் தெரிந்தது. அசல்தான், நல்ல விலை போகும் என்றார் வியாபாரி. அப்பா அதைக் கேட்டு வாங்கி, இரு விரலில் வெகுநேரம் உருட்டினார். பிறகு தங்கையைப் பார்த்து, “பொய்யி அம்மணி” என்றார். நாங்கள் கேட்க அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவரைச் சுமந்த பங்காளிகளுக்கும், கூடமாட நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக அத்தைக்கு. ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு, இந்த மலரின் அச்சுக்கூலி எல்லாமே அந்த நோட்டை விற்ற பணம். “எங்கண்ணனுக்கே ஆவட்டும் கண்ணு” என்று கொடுத்தார். தம்பியும் நானும் வாங்கிக்கொண்டோம். அத்தை மகளுக்கு இன்று கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.