பெரிய எழுத்தில் ஒரு பட்டன்

எங்கள் ஆபீஸை மூடியபோது யாரும் வருத்தப்படவில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த சின்ன ஆபீஸ் அது. இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள், கேக் வெட்டினோம். பிறகு ஒருத்தன் சென்னைக்குப் போனான், ஒருத்தி பெங்களூருக்கு. நான் வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி வீட்டில் அம்மாவோடு இருந்தேன். தங்கையின் பிரசவத்துக்கென்று கோயம்புத்தூர் போன அம்மா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள். கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் மிக்ஸி ஓடும் சத்தம்கூட வீட்டில் நின்றுபோயிற்று.

என் வேலை வெப்சைட்டுகளைச் சோதிப்பது. ஒரே பக்கம் ஒரு பிரவுசரில் ஒழுங்காகத் தெரியும், இன்னொன்றில் கோணிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் கையால் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், தானாகவே சோதித்துவிடும் ஸ்கிரிப்டுகளை எழுதி வைத்திருந்தேன். ஓடவிட்டால் திரையில் நான்கு பிரவுசர்கள் அடுத்தடுத்துத் திறக்கும். யாரும் தொடாமலே பெட்டிகளில் எழுத்துகள் விழும், பட்டன்கள் அமுங்கும், பக்கங்கள் மாறும், பிரவுசரின் ஜன்னல் மூடிக்கொள்ளும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. ஜன்னல்கள் கண்ணில் படாமலும் ஓட்டலாம், சீக்கிரம் முடியும். நான் அப்படிச் செய்வதில்லை. வீட்டில் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வெப்சைட் என்னிடம் வந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் பக்கம். என் ஸ்கிரிப்ட் கற்பனையான ஒரு நோயாளியின் பெயரைப் போட்டு, வயதைப் போட்டு, டாக்டரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தது. நான்கிலும் பச்சை. வெளியிட்டோம்.

சில நாளில் ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலிருந்து மெயில் வந்தது. பிள்ளைச்சாவடியிலிருந்து ஓர் அம்மா திரும்பத் திரும்பப் போன் செய்கிறார், பதிவு செய்யவே முடியவில்லை என்கிறார், அவரிடம் கேட்டுத்தான் எண்ணை அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

சென்னையில் இருக்கும் மேனேஜருக்குச் சொன்னேன். "நாலு பிரவுசர்லயும் பாஸ் ஆயிடுச்சுல்ல? அவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரிஞ்சிருக்காது. விட்டுடுங்க" என்று பதில் போட்டார்.

இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பச்சைதான். விட்டிருக்கலாம். ஆனால் அன்று காலையிலிருந்து நான் யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை. அந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"பட்டனே வரலம்மா," என்றார் அந்த அம்மா, நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள். "பேரு போட்டேன், வயசு போட்டேன், டாக்டரு பேரத் தொட்டேன். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல."

"கீழ தள்ளிப் பாத்தீங்களாம்மா?"

"எவ்ளோதான் தள்றது? வெரலு தேஞ்சுபோச்சு."

திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். சொல்லிப் பார்த்து இரண்டு பேரும் களைத்துப்போனோம். கடைசியில், "நானே வந்து பாக்கட்டுமா? பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வாயேன். மீன் வித்துட்டு வந்தா மத்தியானம் வூட்லதான் கெடப்பேன்."

காலாப்பட்டு பஸ்ஸில் ஏறி பிள்ளைச்சாவடியில் இறங்கினேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்தபடி ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். "நீதான் போன்ல பேசினதா? கொரலக் கேட்டு பெரிய பொம்பளன்னு நெனச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் விடவில்லை.

போனை வாங்கிப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கண்ணில் புரை. படிக்க வேண்டுமென்று எழுத்தின் அளவை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார். டாக்டர் பெயர் ஒன்றே பாதித் திரையை அடைத்தது. அது தள்ளிய தள்ளில் பட்டன், பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டைக்குப் பின்னால் போய்விட்டது. எவ்வளவு தள்ளினாலும் வெளியே வராது. என் ஸ்கிரிப்டுகள் எழுத்தைச் சாதாரண அளவில் வைத்தே பார்த்திருந்தன.

"தப்பு உங்க மேல இல்லம்மா. எங்க பக்கம்தான்."

"நானும் அதான சொன்னேன். யாரு கேட்டா?"

எழுத்தைக் கொஞ்ச நேரம் சின்னதாக்கி, அவருக்கு நேரம் பதிவு செய்துகொடுத்துவிட்டு, பழையபடி பெரிதாக்கி வைத்தேன். போக விடாமல் உட்கார வைத்துச் சோறு போட்டார். சங்கரா மீன் குழம்பு. வீட்டுக்காரர் வலை பின்னப் போயிருப்பதாகச் சொன்னார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா கோயம்புத்தூரில் இருப்பதைச் சொன்னேன்.

"அப்ப யாரு கூட சாப்புடுவ?"

"கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து சாப்டுருவேன்."

அவர் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு சோதனையைப் புதிதாக எழுதி ஓடவிட்டேன். நான்கு பிரவுசர்களிலும் சிவப்பு, தவறு பிடிபட்டுவிட்டது. சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "அப்புறம் கூப்புடறேண்டி" என்று வைத்துவிட்டாள். மேனேஜருக்கு எழுதினேன், ஒரு கட்டைவிரல் எமோஜியை அனுப்பினார்.

பட்டன் சரியாகி வெளிவர நாளாயிற்று. அந்த அம்மாவிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன்.

"யாரு?"

ஆஸ்பத்திரி வெப்சைட் என்றேன். பட்டனைப் பார்க்க வீட்டுக்கு வந்ததை நினைவுபடுத்தினேன். "ஆங், பட்டன் பொண்ணு!" என்றார் பிறகு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாராம். பட்டன் சரியாகிவிட்டதைச் சொன்னேன். "அப்பிடியா, நல்லது" என்றார். அவருக்கு இனி அது தேவையில்லை.

"ஒரு நாளு வா கண்ணு. கண்ணாடி இல்லாம ஒன் மொகத்த நல்லாப் பாக்கணும்."

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். "போட்டு கரைக்கு வந்துடுச்சு, வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த எண்ணை 'பிள்ளைச்சாவடி அம்மா' என்று போனில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாமா என்று யோசிப்பேன். இனி என்ன காரணத்தைச் சொல்லிக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை.