மூச்சுக்குழாயை அறுத்தேன்

எங்கள் வீட்டை வாங்கியவர்களிடம் உயிருக்கே ஆபத்தான உண்மையொன்றை மறைத்தேன். ராணுவத்திலிருக்கும் என் மகனுக்கு வடக்கே மாற்றல் வந்ததால், குடும்பத்தோடு அங்கே போக கே.கே. நகர் வீட்டை அவசரமாக விற்றோம். பின்னறைக்கு அடியில் பழைய கிணறு; மேலே மூடிய கல்லும் பழையது. மூடிய கிணறு மூச்சுவிட, தரைக்கு மேலே தெரியும்படி ஒரு மூச்சுக்குழாய் விடுவது எங்கள் வழக்கம். அதைக் கண்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அறுத்தெடுத்து டைல்ஸ் ஒட்டினேன்.

சாவி கொடுத்த அன்றே, வாங்கிய பெண் அந்தப் பின்னறையிலேயே தொட்டில் கட்டினாள். "இந்த ரூம்புதான்யா ஜில்லுன்னு இருக்கு" என்றாள். தலையாட்டினேன்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புமுன்னே ஐப்பசி மழை பிடித்ததும் பயந்துபோய் உண்மையைச் சொன்னேன். பிள்ளையை வாரியெடுத்து வெளியே ஓடிவந்தாள்.

"தொட்டிலப் பாத்துட்டுத்தானய்யா போனீக?"

மறுவாரம் அந்தத் தரை உள்ளே இறங்கியது. கிணற்றை நிரப்ப மண்ணோடும் ஆட்களோடும் போனேன். அவர்களை உள்ளே விட்டாள். என்னை மட்டும் வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள். மழையில் நின்றேன், நியாயம்தான் என்று பட்டது.