சார்ஜ் இல்லாத டேப்லெட்டும் படிவம் இரண்டு தமிழும்

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியருக்குப் பாடம் நடத்துவது சின்ன வேலை. பிளக் பாயிண்ட் உள்ள வகுப்பறையைப் பிடிப்பதுதான் பெரிய வேலை. உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்கூடாயில் இருக்கும் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெக்கான் நானாஸ் பள்ளிக்கு வந்து சேருகிறேன். மற்ற பாடங்களெல்லாம் முடிந்து, பிள்ளைகளுக்குப் பசியும் எனக்குத் தலைவலியும் வந்த பிறகுதான் எங்களுக்குத் தமிழ் வகுப்பு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் அந்த வகுப்பையும் மூடிவிடுவார்கள். இந்த நேரத்தில்தான் தொழில்நுட்பத்தோடு கலகலப்பாகக் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

நிபுணர் ஆனேன்

ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் பள்ளி முதல்வர் பேச எழுந்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் அசைவதாக இல்லை. எனக்கோ கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். எழுந்து போய், கழன்று தொங்கிய கேபிளை எடுத்துச் சொருகினேன். படம் வந்தது. கைதட்டினார்கள்.

அன்று மாலையே மின்னியல் கற்பித்தலுக்குப் பொறுப்பாளர் என்று என் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். பக்கத்து மேசை சாகுல் சார் கணக்கு ஆசிரியர். பள்ளியில் தமிழ் பேசுகிற ஆசிரியர் என்று எனக்கு இருக்கிற ஒரே துணை அவர்தான். அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து, தேநீரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எனக்கும் அந்தக் கேபிள் தெரிஞ்சுச்சு, மேரி டீச்சர். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிக்கணும் லா."

முதலிடம் பெற்ற பெயர்

முதலில் படிவம் இரண்டுக்கு, அதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, புதிர்ப் போட்டி வைத்தேன். கேள்வி திரையில் வரும்; பிள்ளைகள் டேப்லெட்டில் விடையைத் தட்ட வேண்டும். யார் முந்துகிறார் என்று திரை உடனுக்குடன் காட்டும். சொந்தப் பெயருக்குப் பதில் விருப்பமான பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லித் தொலைத்தேன். ஒருவன் 'பசிக்குது' என்று போட்டுக்கொண்டான். இன்னொருத்தி 'டீச்சர் பாவம்'. எப்போதும் வாயாடும் தர்ஷினி 'வீட்டுக்குப் போலாம்' என்று போட்டுக்கொண்டாள்.

சந்திப்பிழையில் போட்டி சூடு பிடித்திருந்தது. உண்மையாகவே கத்திக் கத்தி விளையாடினார்கள். சத்தம் கேட்டு முதல்வர் உள்ளே வந்துவிட்டார். மலாய்க்காரர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் திரையில் மத்தாப்பு வெடித்து, 'முதலிடம்: வீட்டுக்குப் போலாம்' என்று பெரிதாக வந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று அவர் மலாயில் கேட்டார். தர்ஷினி எழுந்து நின்று, கொஞ்சமும் தடுமாறாமல், "கடைசி வரைக்கும் விடாமல் முயற்சி செய்வேன் என்று அர்த்தம், துவான்" என்று மலாயில் சொன்னாள். வகுப்பே குனிந்துகொண்டது. முதல்வர் நெகிழ்ந்துபோனார்.

"பாகுஸ்! ரொம்ப நல்ல வாசகம். பெரிசா எழுதி ஆசிரியர் அறையிலயும் ஒட்டுங்க."

பச்சைத் துணி

அடுத்தது காணொளி. செய்தி வாசிப்புப் பாடம். பின்னால் பச்சைத் துணியைக் கட்டிப் படம் எடுத்தால், பச்சை இருக்கிற இடத்திலெல்லாம் நமக்கு வேண்டிய காட்சியைப் போட்டுக்கொள்ளலாம். பயிற்சிப் பட்டறையில் ஓர் இளைஞர் செய்து காட்டியபோது சுலபமாகத்தான் இருந்தது. மண்டபத்தின் பழைய திரைச்சீலையைக் கேட்டு வாங்கி, ஏணியில் ஏறி நானே கட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

முகிலன்தான் செய்தியாளர். வெள்ளம் புகுந்த ஊரிலிருந்து நேரடிச் செய்தி. பையன் ஒத்திகை பார்த்து, தலைக்கு எண்ணெய் வைத்து வந்து, குரலை ஏற்றி இறக்கி அருமையாகப் பேசினான். கணினியில் போட்டுப் பார்த்தால் அவனுக்கு இடுப்புக்கு மேலேதான் உடம்பு இருந்தது. நம் இடைநிலைப்பள்ளிப் பையன்களின் சீருடைக் கால்சட்டை பச்சை நிறம் என்பது ஏணியில் நின்ற எனக்கும் தோன்றவில்லை, பட்டறை இளைஞருக்கும் தோன்றவில்லை. மறுபடி எடுக்க எனக்குத் தெம்பில்லை. முகிலன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னான்.

"பரவால்ல டீச்சர். வெள்ளத்துல நின்னா காலு தெரியாதுதானே?"

சாட்சிப் படம்

பாடம் நடத்தினால் மட்டும் போதாது; நடத்தியதற்குப் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் கருவியைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பது படத்தில் தெரிய வேண்டும். ஒரு வாரம் படம் ஏற்ற மறந்துவிட்டேன். மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. வகுப்பை நன்றாகவே நடத்தினேன் என்றேன். படம் எங்கே என்றார்கள்.

சரி, எடுத்துவிடலாம் என்று டேப்லெட் பெட்டியைத் திறந்தால், முந்தின வகுப்பில் யாரோ பயன்படுத்திவிட்டு சார்ஜ் போடாமல் வைத்திருந்தார்கள். எல்லாம் கறுப்பாகக் கிடந்தன. பிள்ளைகள் வேறு வேன் வந்துவிடும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கமாகப் போன சாகுல் சார் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைங்கள சிரிக்கச் சொல்லுங்க டீச்சர். பேட்டரி செத்தது படத்துல தெரியாது."

குரல் பதிவு

ஆண்டின் நடுவில் தர்ஷினி மாறிப்போனாள். வாயாடுவது நின்றது. வகுப்புக்கு வராமல் நேரே வேன் ஏறிவிடுவாள். அவள் நின்றால் பின்னாலேயே இன்னும் சிலர் நின்றுவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு இருந்தது, மறைப்பானேன். அப்போது நான் கொடுத்திருந்த பயிற்சி, வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்துக் குரல் பதிவு அனுப்புவது. அவள் அனுப்பவில்லை. உணவுக்கூடத்தில் பிடித்துக் கேட்டேன். அம்மா சிங்கப்பூரில் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை. தான் எழும் முன் போய், தூங்கிய பின் வருகிறார். வீட்டில் வேறு யாருமில்லை என்றாள். கேள்வியைக் குரலாக அனுப்பு, முடிந்தபோது பதில் வரட்டும் என்றேன்.

ஒரு வாரம் கழித்துப் பதிவு வந்தது. அன்று தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, காரை நிழலில் நிறுத்தி உட்கார்ந்துதான் கேட்டேன். அம்மா எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்து ரகசியம் பேசுகிற குரலில் பேசினார். பக்கத்தில் எல்லோரும் தூங்குகிறார்களாம். "என்ன வேலைன்னா, யாரோ படுத்து எந்திரிச்ச விரிப்பெல்லாம் துவைக்கிறது." முதல் சில கேள்விகள் நான் எழுதிக் கொடுத்தவை. கடைசிக் கேள்வி என்னுடையதல்ல. "அம்மா, ஞாயித்துக்கிழமையும் ஏன் ஓவர்டைம் போறீங்க?" பதில் பஸ் இரைச்சலுக்கு நடுவே வந்தது. "நீ எப்பவும் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு போனோட இருக்க. நான் வீட்ல இருந்தா உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்மா."

இதை வகுப்பில் போடவில்லை. மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசிப் பகுதியை எனக்கு அனுப்பியிருக்க வேண்டியதில்லையே, வெட்டத் தெரியாதா என்று கேட்டேன். நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டத் தெரியும் டீச்சர். யாராச்சும் ஒருத்தர் கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

பெற்றோர் நாள்

பெற்றோர் நாளில் வழக்கமாக என் மேசைக்கு யாரும் வருவதில்லை. கணக்குக்கும் அறிவியலுக்கும் வரிசை நிற்கும்; தமிழுக்கு, போகிற வழியில் ஒரு வணக்கம். மூட்டை கட்டிக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். வேலையிடச் சட்டை, கசங்கிய தலைமுடி. குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. தர்ஷினி இப்போது வகுப்புக்கு வருகிறாள், மறுபடி வாயாடுகிறாள், என்னால் தாங்க முடியவில்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அந்தக் கேள்வியெல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததா, அவளே கேட்டதா?" என்றார். முதலில் இருந்தவை என்னுடையவை, கடைசியில் கேட்டது அவளுடையது என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை போவதில்லையாம். ஆனால் நேரில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வருவதில்லையாம், எதிரும் புதிருமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்களாம். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்த மாதிரி வீட்டுப்பாடம் இன்னும் நெறைய குடுங்க டீச்சர்."

இத்தனை வருட வேலையில் வீட்டுப்பாடம் அதிகம் என்று சண்டைக்கு வந்த பெற்றோரைத்தான் பார்த்திருக்கிறேன். போதாது என்று கேட்டுவந்த இந்த ஒருவரை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன், இடுப்பு ஒத்துழைத்தால்.