பதினாறாம் வாய்ப்பாடு

என் அண்ணனுக்கு மனச்சிதைவு. எழுபதுகளில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாத்திரையில் அவன் காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் காபி போடப் போனால், ஃபில்டரில் பொடியைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். வெந்நீர் கொதித்து வற்றிப்போகும். குரல்கள் கேட்ட காலத்திலும் இப்படித்தான் திணறினான். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட வரும் சித்தப்பாவுக்கு இதெல்லாம் நடிப்பு.

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுடா" என்பார். சின்ன வயதில் உருப்போட்டதை அண்ணன் தடங்கலில்லாமல் ஒப்பிப்பான்.

"பாத்தேளா மன்னி" என்று அம்மாவிடம் திரும்புவார். "குரலும் கேக்கலைங்கறான், மூளையும் நன்னா வேலை செய்யறது. உடம்பு வணங்கலை, அவ்வளவுதான். சுத்தச் சோம்பேறி."

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் அண்ணனையே காபி போடச் சொன்னார். அவன் அடுக்களைக்குள் போனான். வெகுநேரம் சத்தமே இல்லை.

"என்னடா, காபி வருமா வராதா?" என்று கத்தினார்.

நான் அவருடைய குடையை எடுத்து நீட்டினேன். "அவன்தான் வாய்ப்பாடு சொல்லிட்டானே சித்தப்பா. அதைக் குடிச்சுட்டுக் கிளம்புங்கோ."