வீட்டில் படித்த பெண்களின் கணம்

“நம்ம வூட்ல படிச்ச பொண்ணு ஒருத்தியாச்சும் உருப்பட்டிருக்காளா?”

மாமா கேட்டது அம்மாவை. அவர் கை மட்டும் என் சடையில் இருந்தது.

அவர் அம்மாவின் தம்பி, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. அப்பா இறந்தபின் எங்கள் வீட்டில் அவர் வைத்ததே சட்டம். பிளஸ் டூ முடிவு வந்த அன்று, ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் வேலை பேசிவிட்டு வந்திருந்தார். நான் கல்லூரியில் கணிதம் படிக்கப் போகிறேன் என்றேன். முதல் அறை அதற்காக விழுந்தது.

காது இரைந்தது. ஆனால் அவர் கேள்வியிலிருந்த ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிவரை படித்த பெண்களைக் கணமாக எழுதினால், அடைப்புக்குறிக்குள் போட ஒரு பெயர்கூட இல்லை. வெற்றுக் கணம். அதிலுள்ள எவளும் உருப்படவில்லை என்றால் யாரும் மறுக்க முடியாது. மறுத்துக் காட்ட உள்ளே ஒருத்தியாவது இருக்க வேண்டுமே.

“படிச்சவ யாரு மாமா? பேரச் சொல்லு. யாருமே இல்லன்னா, படிச்சவங்க எல்லாரும் கலெக்டர் ஆனாங்கன்னு நானும் சொல்லலாம். அதுவும் நெசந்தான்.”

“வாய் ஜாஸ்தியாய்டுச்சுடி உனக்கு. படிக்காதவ பூஜ்ஜியம்னா படிச்சவ அதுக்கும் கீழ.”

“கீழயும் எண்ணு இருக்குது மாமா. ஆறாங்கிளாஸ் பாடம்.”

சடையைச் சுருட்டி என் முகத்தைச் சுவரில் மோதினார். உதடு பிளந்தது. அம்மா கம்பெனிக்காக வீட்டில் தைத்துக்கொடுக்கும் ஷூவின் மேல்தோல்கள் தரையில் கிடந்தன. அந்த வெள்ளைத் தோலில் என் ரத்தம் சொட்டியது. மறுபடி மோதத் தலையைப் பின்னுக்கு இழுத்தபோதுதான் அவர் அலறினார். தோலைத் துளையிடும் குத்தூசி அவர் முன்கையில் பாதிவரை இறங்கியிருந்தது. அதன் மரப்பிடி அம்மாவின் கையில்.

“வுட்றா அவள. அடுத்தது கண்ணுல எறங்கும்.”

சடையை விட்டார். தரையில் கிடந்த தோல்களை எட்டி உதைத்து, ரத்தம் வழிய, தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டு போனார்: “இவ நாசமாத்தான் போவா! பாத்துக்கினே இரு!”

அன்று அவர் சொன்னவற்றில் பொய்யென்று நிரூபிக்க முடிந்த முதல் வாக்கியம் அதுதான். இந்த முறை கணத்துக்குள் ஒருத்தி இருந்தாள், நான்.

வீங்கிய உதட்டோடுதான் வேலூருக்கு பஸ் ஏறினேன். சேர்க்கை அறையில் என்ன பாடம் என்று இருமுறை கேட்டார்கள், என் பேச்சு அப்படிக் குழறியது. இளங்கலையை முடித்துவிட்டேன். அதே துறையில் முதுகலைக்கும் சேர்ந்துவிட்டேன். போன வாரம் வகுப்புகள் தொடங்கின.