தேக்சா மிதந்த வெள்ளிக்கிழமை

கராமா மெஸ்ஸில் மீன் வறுவலுக்காகக் காத்திருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்தது. பிரிட்டனில் ஏதோ ஒரு கடற்கரை. கடல் உள்வாங்கியதும் சேற்றில் பல ஆயிரம் வருஷத்துக் காலடித்தடங்கள் தெரிகின்றன. மழைக்கோட்டு போட்ட அறிஞர்கள் குப்புறப் படுத்து அளக்கிறார்கள். தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் வரைந்து முடிக்க வேண்டுமாம். கொஞ்சம் தள்ளிக் கருகிய கற்கள் கிடந்தன. பழங்கால அடுப்பாக இருக்கலாம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, குடித்த ரசம் மூக்கில் ஏறிவிட்டது. கடல் வந்து போகும் இடத்தில் அடுப்பு வைத்த இன்னோர் ஆளை எனக்குத் தெரியும்.

அவன் பெயர் செல்வராஜ், பெரம்பலூர்ப் பக்கம். முன்பு நான் வேலை பார்த்த ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் என் ரூம்மேட். அங்கே போகும்வரை கடலைப் பார்த்ததில்லை. நான் மட்டும் என்ன, நாமக்கல்காரன்; மெரினாவில் ஒருமுறை சுண்டல் தின்றதோடு என் கடல் ஞானம் முடிந்தது.

செல்வராஜுக்கு ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் குமரேசன் தம்மாமில் பஸ் டிரைவர். வளைகுடாவில் இது ஒரு வழக்கம். மாப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து யாரும் வர முடியாது, அதனால் பக்கத்து கேம்ப் சொந்தக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து எடை போட்டு, போனில் தீர்ப்பு சொல்வார். குமரேசன் சரியென்றால் கல்யாணம், இல்லையென்றால் கலாஸ். செல்வராஜுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினான்.

எங்கள் ரூமில் எட்டுப் பேரின் சாக்ஸ் வாசனை. அங்கே கூப்பிட்டால் அன்றே காரியம் கெட்டுவிடும். கடற்கரையில் விருந்து, மாப்பிள்ளை கையால் தம் பிரியாணி என்று முடிவானது. கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை சயீது பாய் தன் பெரிய பிரியாணி தேக்சாவைக் கொடுத்தார். "காத்து அடிக்காத எடமாப் பாத்து வையிப்பா, ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் பொண்ணு வீட்டாரைக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றார். கடலோர ஊர்க்காரர், கடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மனிதனுக்கு மூச்சுவிடச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நாங்கள் போனபோது கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. மேலே பொசபொசவென்று மணல், காற்றில் பறந்தது. கீழே ஈரத்தரை, சாணி மெழுகின களம் மாதிரி இருந்தது.

"அண்ணே, இவ்ளோ நல்ல எடத்த எவனும் புடிக்காம வுட்டுருக்கான் பாருங்க" என்றான் செல்வராஜ்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குழி வெட்டிக் கல் அடுக்கி, தேக்சாவை இறக்கி, மைதா மாவால் மூடியை ஒட்டி, மேலே கங்கு போட்டோம். அப்புறம் சட்டை மாற்றக் கரைமேட்டுக்குப் போனோம். பவுடர் பூச அவன் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

திரும்பிப் பார்த்தால் களத்தைக் காணோம். கடல் சத்தமில்லாமல் தட்டையாக ஏறி வந்திருந்தது. நடுவில் தேக்சா, மூடியில் கங்கு புகைய, குட்டிக் கப்பல் மாதிரி ஆடிக்கொண்டு போனது. செல்வராஜ் புதுச்சட்டையோடு குதித்தான். நீச்சல் தெரியாது. மார்பளவு தண்ணீரில் தேக்சாவின் ஒரு காதைப் பிடித்துவிட்டான். மூடி சரிந்து முழுகிப்போனது, ஒரு அலை உள்ளே புகுந்தது, ஆனாலும் அவன் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து சயீது பாயும் குமரேசனும் வந்து நின்றார்கள்.

"ஏம்ப்பா, கடலு படுக்குற எடத்துலயா அடுப்ப வச்சே?" என்றார் பாய்.

குமரேசன் ஷூவைக் கழற்றினார், பேண்ட்டைச் சுருட்டினார், இறங்கிப்போய் இன்னொரு காதைப் பிடித்தார். கரையேற்றித் தண்ணீரை வடித்து, மிஞ்சியதை வழித்துத் தின்றோம்.

"உப்பு மட்டும் தூக்கல்" என்ற குமரேசன் அங்கேயே ஊருக்குப் போன் போட்டார். செல்வராஜ் சொட்டச் சொட்ட நின்றான், முகத்தில் பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது. "பையனுக்கு வெவரம் பத்தாதும்மா. ஆனா புடிச்சத வுட மாட்டான். முடிச்சிரலாம்."

அப்புறம் வெள்ளிதோறும் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து மூடியைத் தேடினோம். அடுப்புக்கல் கிடைத்தது, கரி கிடைத்தது, ஒரு கோழி எலும்புகூடக் கிடைத்தது. மூடி மட்டும் மாஃபி. கடைசியில் சயீது பாய் தேக்சாவையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

இப்போது அந்தக் கரை இல்லை. மண்ணடித்து மேடாக்கி நடைபாதை போட்டுவிட்டார்கள். பாயும் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்விட்டார். எனக்கு அது வருத்தம்தான். என்றைக்காவது மழைக்கோட்டு அறிஞர் யாராவது அங்கே தோண்டி, மூடி இருக்கிறதே, பாத்திரம் எங்கே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டால், பெரம்பலூர்ப் பக்கம் அனுப்பி வையுங்கள். அங்கே அது இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. செல்வராஜின் பெண்டாட்டி தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தம் போடுகிறாள்.