கனமான ரேடியோ

கள்ளக்குறிச்சி செல்போன் கடையில் மகள் இரண்டு புது போன் பெட்டிகளைப் பிரித்தாள். அந்த பிளாஸ்டிக் வாசனை என்னை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் நாங்கள் வெட்டிய கரும்பு வயலிலேயே காய்ந்துகொண்டிருந்தது. லாரி எப்போது ஓடும் என்று செய்தி கேட்கலாமென்றால், வீட்டு ரேடியோ கரகரவென்றது. அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மரம் கிடந்த இடமெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தாண்டி, கள்ளக்குறிச்சிக்கு வந்தார்.

கடைக்காரர் இரண்டு ரேடியோ எடுத்து வைத்தார். அப்பா வெல்லம் வாங்குகிறவர்போல இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதாங்க கனமா கீது. இதையே குடுங்க."

"யப்பா, அதுல பேட்டரி கீது. இன்னொண்ணு காலி," என்றேன்.

அப்பா முறைத்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே முதலில் அதைப் பாட வைத்தார்; பிறகு அதே பேட்டரியை மற்றதில் மாற்றிப் போட்டுப் பாட வைத்தார். லேசானதுதான் தெளிவாகக் கேட்டது. அதையே வாங்கினோம்.

மறுநாள் காலைச் செய்தியில் ரோடு திறந்தாயிற்று என்றார்கள். அக்கம்பக்கத்தார் விசாரிப்பதற்குள் எங்கள் கரும்பு முதல் லாரியில் ஏறிவிட்டது. "நான் எடுத்த ரேடியோங்க!" என்று ஊரெல்லாம் சொன்னது அப்பா!

நான் ஏழாவதோடு நின்றவன். ஆனாலும் நான் தேர்ந்தெடுத்த எந்தச் சாமானும் இதுவரை சோடை போனதில்லை.

"எந்த போனுப்பா எடுக்கறது?" என்றாள் மகள்.

"ரெண்டுலயும் உங்கம்மாவுக்குப் பேசு. அவ திட்றது எதுல தெளிவா கேக்குதோ, அத எடு."